பிழைப்பாரா, மாட்டாரா? வெண்டிலேட்டரும் மருத்துவக் கணிப்பும்

வெண்டிலேட்டர் என்ற சொல் 2020க்குப் பிறகு எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது. ஆனால் கொரோனாவுக்கு ரொம்ப முன்னாலிருந்தே ஒரு வகை நோயாளியைப் பார்க்கும்போதெல்லாம், இவரை வெண்டிலேட்டரில் போடலாமா, வேண்டாமா என்று மருத்துவர்கள் திண்டாடி வந்திருக்கிறார்கள். சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்தான் அந்த நோயாளி.

முதலில் நோயைப் பற்றி நாலு வரி. வருடக்கணக்கில் பீடி, சிகரெட் புகையோ, விறகடுப்புப் புகையோ, வேலை செய்யும் இடத்துத் தூசியோ உள்ளே போய்ப் போய் மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்கிவிடுகின்றன. காற்றுப் பைகள் பிய்ந்து பெரிதாகிவிடுகின்றன. காற்று உள்ளே போய்விடும், ஆனால் சுலபத்தில் வெளியே வராது. இழந்த நுரையீரல் திரும்பி வராது. இப்படிப்பட்டவருக்கு ஒரு சளிக் காய்ச்சல் வந்தால் போதும், நிலைமை சட்டென்று மோசமாகிவிடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், ஆள் மயங்க ஆரம்பிப்பார்.

அந்த நேரத்தில் மருத்துவர் முன்னால் இரண்டு வழிகள். தொண்டைக்குள் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் இணைக்கலாம். அல்லது "இவருக்கு இனி எதுவும் பயன் தராது, வேதனைதான் மிச்சம்" என்று முடிவு செய்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். எதைச் செய்வது என்பது ஒரு கணிப்பைப் பொறுத்தது. போட்டால் பிழைப்பாரா? பிழைத்தால் எத்தனை நாள், எப்படிப்பட்ட வாழ்க்கை?

இந்தக் கணிப்பை மனிதர்கள் எப்படியெல்லாம் செய்து பார்த்தார்கள், அதில் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. வணிகவியல் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கதை தொடங்குவதே ஆயுள் காப்பீட்டில்தான், பாருங்கள்!

ஹட்சின்சனின் வாளி

1846ஆம் ஆண்டு. லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஒரு கருவியைச் செய்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரம். அதற்குள் போகும் ஒரு குழாய். மூச்சை முழுக்க இழுத்து அந்தக் குழாயில் ஊதினால் பாத்திரம் மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு காற்று உங்கள் நுரையீரலிலிருந்து வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம். இதுதான் ஸ்பைரோமீட்டர்.

அந்த ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில் 2,130 பேரை அளந்த கணக்கு இருந்தது. மாலுமிகள், போலீஸ்காரர்கள், குத்துச்சண்டை வீரர்கள், கனவான்கள் என்று எல்லா வகை ஆட்களும் அதில் உண்டு. ஊதும் காற்றின் அளவு ஒருவருடைய உயரத்தோடு ஒத்துப் போகிறது என்று கண்டுபிடித்தார். அந்த அளவுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'உயிர்க் கொள்ளளவு' என்று சொல்லலாம். பெயரிலேயே அவர் நோக்கம் தெரிகிறது. ஒருவர் எவ்வளவு காலம் உயிரோடு இருப்பார் என்பதை இந்த எண் சொல்லும் என்று அவர் நம்பினார். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசி கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்று வாதாடினார்.

அவர் சொன்னது பெருமளவு சரிதான். அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய புகழ்பெற்ற ஃபிராமிங்ஹாம் ஆய்வில், உயிர்க் கொள்ளளவு குறைந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறக்கிறார்கள் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு உறுதியானது. ஹட்சின்சனோ 1852இல் லண்டனை விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப் போனார். 1861இல் பிஜித் தீவில் இறந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும். காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தனி மனிதர் எப்போது சாவார் என்று தெரிய வேண்டியதே இல்லை. இப்படிப்பட்ட ஆயிரம் பேரில் அடுத்த வருடம் எத்தனை பேர் சாவார்கள் என்று தெரிந்தால் போதும். அதை வைத்துப் பிரீமியம் போட்டுவிடலாம். கூட்டத்துக்குச் சரியாக இருந்தால் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை. மருத்துவர் முன்னால் படுத்திருப்பதோ ஒரே ஒருவர்.

ஹட்சின்சன் மொத்தம் எவ்வளவு காற்று என்று மட்டும்தான் அளந்தார். சி.ஓ.பி.டி.யில் பிரச்சனை, காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதில். ஒரு வினாடியில் எவ்வளவு ஊத முடிகிறது என்று அளக்கும் யோசனையை 1947இல் பாரிஸில் டிஃபனோ, பினெல்லி என்ற இருவர் வெளியிட்டார்கள். இன்றைக்கும் நோயின் கடுமையைச் சொல்லும் முக்கியமான எண் அதுதான்.

கோபன்ஹேகன், 1952

நுரையீரலை அளக்க முடிந்தது, சரி. மூச்சு நின்று போகிறவரை என்ன செய்வது?

1920களின் கடைசியில் பாஸ்டனில் டிரிங்கர், ஷா இருவரும் உருவாக்கிய 'இரும்பு நுரையீரல்' அதற்கு ஒரு பதில். கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதையும் ஒரு இரும்பு உருளைக்குள் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துக் கூட்டி மூச்சுவிட வைக்கும் கருவி அது. போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு உதவியது.

1952 கோடையில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பேயாட்டம் ஆடியது. பிளெக்டாம் மருத்துவமனையில் நோயாளிகள் குவிந்தார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரலும், மார்பில் கட்டும் வகைக் கருவிகள் ஆறும்தான். முதல் மூன்று வாரங்களில் இந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். நூற்றுக்கு 87 பேர்! அன்றைய மருத்துவரிடம் கணிப்புக் கேட்டிருந்தால், "தொண்டைத் தசையும் மூச்சுத் தசையும் போய்விட்டால் பிழைப்பது அபூர்வம்" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் கையிலிருந்த கணக்குப்படி அது தப்பும் இல்லை.

மருத்துவமனைத் தலைவர் லாசென், மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சனை வரவழைத்தார். நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் பிரேதப் பரிசோதனை விவரங்களையும் பார்த்த இப்சன் வேறொன்றைச் சொன்னார். இவர்கள் போலியோ மூளையைத் தின்றதால் சாகவில்லை, போதுமான காற்று உள்ளே போய் வராததால் கார்பன் டை ஆக்சைடு தேங்கிச் சாகிறார்கள் என்றார். ஆகஸ்ட் 27ஆம் தேதி, சாகும் நிலையிலிருந்த 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையை அழுத்தி அழுத்தி நேரடியாக நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள்.

ஆனால் பையை அழுத்த எந்திரம் கிடையாதே? சுமார் 1,500 மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் கையாலேயே அழுத்தினார்கள். நம் வயதுப் பிள்ளைகள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், ஒரு நோயாளியின் ஒவ்வொரு மூச்சும் ஒரு மாணவனின் கையில் இருந்தது. இறப்பு விகிதம் சில மாதங்களில் பாதிக்கும் கீழே வந்தது. இன்றைய ஐ.சி.யூ. பிறந்தது அங்கேதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள்.

நம் தலைப்புக்கு இது ஏன் முக்கியம்? ஜூலையில் சாகிறவர் டிசம்பரில் பிழைக்கிறார். நோய் அதேதான், நோயாளிகளும் அதே மாதிரி ஆட்கள்தான், சிகிச்சை மட்டும் மாறியது. 87 சதவீதம் என்பது போலியோவைப் பற்றிய உண்மை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது அந்தக் கருவியைப் பற்றிய உண்மையாகவும் இருந்திருக்கிறது.

போலியோவிலிருந்து சி.ஓ.பி.டி.க்கு

அதே 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடியது. நிலக்கரிப் புகையும் பனியும் கலந்த அந்த ஐந்து நாட்களில் வழக்கத்தைவிட சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்காலக் கணக்குகள் 12,000 வரை போகின்றன. செத்தவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே நெஞ்சுச் சளியும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் ஒரு பெரிய பொதுப் பிரச்சனை என்று அரசாங்கங்கள் விழித்துக்கொண்டன.

வெண்டிலேட்டர் எந்திரங்கள் வந்தபோது இவர்களுக்கும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். போலியோக் குழந்தைக்கு நுரையீரல் நன்றாக இருக்கும், தசைதான் வேலை செய்யாது. சி.ஓ.பி.டி.காரருக்கோ நுரையீரலே கெட்டுப்போயிருக்கும். குழாயைப் போட்டுவிடலாம், எடுக்க முடியுமா? வாழ்நாள் முழுக்க எந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் மருத்துவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது.

ஆனால் மறுபடியும் கோபன்ஹேகன் கதைதான். 1960இல் பிரிட்டிஷ் மருத்துவர் மோரன் கேம்பல், ஆக்சிஜனை அளவோடு மட்டும் கொடுக்கும் வெஞ்சுரி முகமூடியைக் கொண்டுவந்தார். இந்த நோயாளிகளுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறி ஆபத்தாகும் என்பதால் இது பெரிய உதவி. 1982இல் பெப்பே, மரினி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இன்னொன்றை விளக்கினார்கள். வெண்டிலேட்டர் அடுத்த மூச்சைத் தள்ளும்போது முந்தைய மூச்சு இன்னும் முழுதாக வெளியேறியிருக்காது. காற்று உள்ளேயே சேர்ந்து சேர்ந்து அழுத்தம் ஏறும். அது ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதைத் தடுத்து ரத்த அழுத்தத்தை இறக்கிவிடும். கருவியின் திரையில் பார்த்தால் இந்த அழுத்தம் தெரியவும் தெரியாது. தெரிந்த பிறகு மருத்துவர்கள் மூச்சுக்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வெளிமூச்சுக்கு நேரம் கொடுக்கப் பழகினார்கள்.

வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுப்பதும் அப்போதுதான் நிரூபணமானது. 1981இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனையில் 87 நோயாளிகள் இருந்தார்கள். தினமும் குறைந்தது 15 மணிநேரம் ஆக்சிஜன் எடுத்த 42 பேரில் ஐந்து வருடத்தில் 19 பேர் இறந்தார்கள். எடுக்காத 45 பேரில் 30 பேர். ஒவ்வொரு முன்னேற்றமும் பழைய ஆயுள் கணக்கைத் திருத்தி எழுத வைத்தது.

மதிப்பெண் போடும் காலம்

1980களில் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே ஸ்கோர்களும் வந்தன. அமெரிக்காவில் வில்லியம் நாஸ் குழுவினர் 1981இல் 'அபாச்சி' என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டு, 1985இல் அதைச் சுருக்கி இரண்டாம் பதிப்பாகக் கொடுத்தார்கள். காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, ரத்தத்தில் ஆக்சிஜன், உப்புகள் என்று 12 அளவுகள். அதோடு வயது, பழைய நோய்கள். எல்லாம் கூட்டினால் 0 முதல் 71 வரை ஒரு எண். 13 மருத்துவமனைகளில் 5,815 ஐ.சி.யூ. சேர்க்கைகளை வைத்து இதைச் சரிபார்த்தார்கள். எண் ஏற ஏற இறப்பும் ஏறியது. நம் மதிப்பெண் பட்டியல் மாதிரிதான், இங்கே மட்டும் குறைவாக வாங்குகிறவர் பாஸ்!

1995இல் செனெஃப், நாஸ் உள்ளிட்டோர் சி.ஓ.பி.டி. முற்றி ஐ.சி.யூ.வில் சேர்ந்த 362 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 24 சதவீதம். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 59 சதவீதம். மோசமான எண்கள்தான். ஆனால் அதில் ஒரு ஆச்சரியம் இருந்தது. எல்லோரும் பயந்த வெண்டிலேட்டர், முடிவைத் தீர்மானிக்கும் காரணமாக இருக்கவில்லை. ஐ.சி.யூ.வில் சேரும்போது அது தேவைப்பட்டதா இல்லையா என்பதை வைத்து யார் பிழைப்பார் என்று சொல்ல முடியவில்லை. நுரையீரலைத் தவிர மற்ற உறுப்புகளும், அதாவது சிறுநீரகம், இதயம், ரத்த ஓட்டம் போன்றவையும் கெட்டுப்போனதா என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது.

2001இல் நெவின்ஸ், எப்ஸ்டைன் இருவரும் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைக்கப்பட்ட 166 சி.ஓ.பி.டி. நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மொத்தத்தில் 28 சதவீதம் பேர் மருத்துவமனையில் இறந்தார்கள். ஆனால் சி.ஓ.பி.டி. முற்றியது மட்டுமே காரணமாக, வேறு பெரிய நோய் இல்லாமல் வந்தவர்களில் இறந்தவர்கள் 12 சதவீதம்தான். முதல் மூன்று நாட்களுக்குள் வெண்டிலேட்டரிலிருந்து வெளியே வந்தவர்களின் நிலையும் நன்றாக இருந்தது. 'வெண்டிலேட்டரில் போட்ட சி.ஓ.பி.டி. நோயாளி' என்று ஒரே பெட்டிக்குள் எல்லோரையும் போட முடியாது என்பது தெளிவானது.

ஆறு மாதக் கணக்கு

இதற்கு நடுவே அமெரிக்காவில் 'சப்போர்ட்' என்ற மிகப்பெரிய ஆய்வு நடந்தது. ஐந்து மருத்துவமனைகள், கடும் நோயுற்ற 9,105 பேர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாதம் உயிரோடு இருக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, அதை மருத்துவர்கள் கையில் கொடுத்தால் சிகிச்சை முடிவுகள் மேம்படுமா என்று பார்த்தார்கள். 1995இல் முடிவு வந்தது. எண்ணைக் கொடுத்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை!

அந்த ஆய்வில் கார்பன் டை ஆக்சைடு ஏறிய நிலையில் வந்த சி.ஓ.பி.டி. நோயாளிகள் 1,016 பேர். 1996இல் வெளியான அவர்கள் கணக்கைப் பாருங்கள்: மருத்துவமனையில் இறந்தவர்கள் 11 சதவீதம், ஆறு மாதத்துக்குள் 33, ஒரு வருடத்துக்குள் 43, இரண்டு வருடத்துக்குள் 49. உயிரோடிருந்து, "என் வாழ்க்கை நன்றாக இருக்கிறது" என்று ஆறு மாதம் கழித்துச் சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். இது லேசான நோய் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு இந்த எண்கள் சரி. தனி ஆளுக்கு? அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இறுதிக்கால ஹாஸ்பிஸ் பராமரிப்பு பெற வேண்டுமென்றால், "இவர் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க மாட்டார்" என்று மருத்துவர் சான்று தர வேண்டும். புற்றுநோயில் கடைசிக் கட்டம் ஓரளவு கணிக்கக்கூடியது. நுரையீரல், இதயம், கல்லீரல் நோய்களில் அப்படி முடியுமா? 1999இல் சப்போர்ட் ஆய்வின் நோயாளிகளை வைத்தே சோதித்தார்கள். இந்த மூன்று நோய்களில் ஒன்று முற்றிய 2,607 பேர். தளர்வான அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுத்தால், "ஆறு மாதம் தாண்ட மாட்டார்" என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் 70 சதவீதம் பேர் தாண்டிவிட்டார்கள். ரொம்பக் கறாரான அளவுகோலை வைத்தால் 2,607 பேரில் 19 பேர்தான் தேறினார்கள். அந்த 19 பேரிலும் பாதிக்கு மேல் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டார்கள்.

காரணம் நோயின் போக்கிலேயே இருக்கிறது. சி.ஓ.பி.டி. நேராகச் சரிகிற கோடு கிடையாது. ஒரு தடவை விழும், கொஞ்சம் எழும்பும், மறுபடி விழும். எந்த விழுகை கடைசி விழுகை என்று விழும்போது தெரியாது.

குழாய்க்குப் பதில் முகமூடி

எண்களைச் சேகரித்துக்கொண்டிருந்தபோதே சிகிச்சை இன்னொரு தடவை மாறியது. தொண்டைக்குள் குழாய் இல்லாமல், முகத்தில் இறுக்கமாக ஒரு முகமூடியைப் பொருத்தி அதன் வழியே அழுத்தத்தோடு காற்றைத் தரும் முறை. 1995இல் பிரான்ஸின் பிரோஷார் குழுவினர் 85 நோயாளிகளிடம் நடத்திய சோதனையில், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்குக் குழாய் போட வேண்டி வந்தது. முகமூடி போட்டவர்களில் 26 சதவீதம்தான். இறப்பு 29 சதவீதத்திலிருந்து 9க்கு இறங்கியது. 2000இல் இங்கிலாந்தில் பிளான்ட் குழுவினர் 236 பேரிடம், அதுவும் ஐ.சி.யூ.வில் இல்லாமல் சாதாரண வார்டிலேயே, இதைச் செய்து பார்த்தார்கள். இறப்பு 20 சதவீதத்திலிருந்து 10 ஆனது.

பழைய வெண்டிலேட்டர்க் காலத்துப் புள்ளிவிவரத்தை மனதில் வைத்திருந்த மருத்துவருக்கு இப்போது அது ஓரளவுக்குக் காலாவதியான கணக்கு. ஆனால் மனதில் பதிந்த கணக்கு அவ்வளவு சுலபத்தில் அழியுமா?

பத்து சதவீதமா, நாற்பதா?

அதைத்தான் பிரிட்டனில் மார்ட்டின் வைல்ட்மேன் குழுவினர் சோதித்தார்கள். 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு. 92 ஐ.சி.யூ.க்கள், 3 சுவாசச் சிறப்புப் பிரிவுகள். சி.ஓ.பி.டி. அல்லது ஆஸ்துமாவால் மூச்சுத்திணறி உள்ளே வந்த, 45 வயதும் அதற்கு மேலும் ஆன 832 பேர். ஒவ்வொருவரும் சேரும்போது, "இவர் 180 நாள் கழித்து உயிரோடிருக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு?" என்று மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மருத்துவர்கள் சொன்னது சராசரியாக 49 சதவீதம். உண்மையில் உயிரோடிருந்தவர்கள் 62 சதவீதம்.

இதைவிடப் பெரிய விஷயம், மருத்துவர்கள் மிக மோசம் என்று ஒதுக்கிய கடைசி ஐந்தில் ஒரு பங்கு நோயாளிகள். இவர்களுக்கு மருத்துவர்கள் கொடுத்த வாய்ப்பு 10 சதவீதம். பிழைத்திருந்தவர்கள் 40 சதவீதம். நான்கு மடங்கு!

இவர்கள் எல்லாம் ஐ.சி.யூ.வுக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் என்பதைக் கவனியுங்கள். "இவருக்குப் பத்து சதவீதம்தான், வேண்டாம்" என்று கதவுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? எந்த ஆய்வாலும் அதை நேராகச் சொல்ல முடியாது.

இது எங்கள் பாடத்தில் வருகிற வங்கிக் கடன் கணக்கு மாதிரியேதான். ஒரு மேலாளர் ஒரு குறிப்பிட்ட தெருக்காரர்களுக்குக் கடனே கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் யாரும் கடனை ஒழுங்காகக் கட்டியதாகப் பதிவேட்டில் இருக்காது. "பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே" என்று அவர் பதிவேட்டைக் காட்டலாம். கடனே கொடுக்காதபோது எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று பதிவேடு கேட்காது. வெண்டிலேட்டர் மறுக்கப்பட்ட நோயாளி இறந்துபோகிறார். "நான் சொன்னேன் அல்லவா" என்று கணிப்பு சரியாகிவிடுகிறது. தப்பான கணிப்பு தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும் இடம் இது. வங்கியில் நஷ்டம் பணத்தோடு போகும், இங்கே ஒருவரின் உயிர்.

மருத்துவர்கள் ஏன் இவ்வளவு அவநம்பிக்கையோடு இருந்தார்கள்? அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஐ.சி.யூ. மருத்துவரின் கண்ணில் படுகிறவர்கள் அங்கே இறப்பவர்களும், மறுபடி மறுபடி திரும்பி வருகிறவர்களும்தான். பிழைத்து வீட்டுக்குப் போய்ப் பேரனோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறவர் திரும்ப ஐ.சி.யூ.வுக்கு வந்து "நான் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லையே.

"பிழைத்து என்ன பிரயோஜனம், வேதனைதானே" என்று கேட்பவர்களுக்கும் அதே குழுவினர் 2009இல் ஒரு பதில் கொடுத்தார்கள். பிழைத்தவர்களையே கேட்டார்கள். 73 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கை நோய் முற்றுவதற்கு முன்பு இருந்த அளவிலோ அதைவிட நன்றாகவோ இருக்கிறது என்றார்கள். மறுபடி இப்படி ஆனால் இதே சிகிச்சையை ஏற்றுக்கொள்வோம் என்றவர்கள் 96 சதவீதம். வெளியிலிருந்து பார்க்கிறவர் 'இது ஒரு வாழ்க்கையா' என்று நினைப்பதும், வாழ்கிறவர் நினைப்பதும் வேறு வேறாக இருக்கின்றன.

அப்படியானால் கணிப்பே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. எண்களைச் சரியான இடத்தில் பயன்படுத்தினால் நல்லது நடக்கிறது. 2012இல் இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் 920 நோயாளிகளை வைத்து 'டிகாஃப்' என்ற எளிய ஸ்கோரை உருவாக்கினார்கள். மூச்சிரைப்பின் அளவு, ஒரு வகை வெள்ளணு குறைவாக இருப்பது, எக்ஸ்ரேயில் நிமோனியா, ரத்தத்தில் அமிலம், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு ஆகிய ஐந்தும்தான் அதில் உண்டு. குறைந்த மதிப்பெண் வந்தவர்களில் இறப்பு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அப்படிப்பட்டவர்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பி அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அதிகம் வந்தவர்களை உடனே கூடுதலாகக் கவனிக்கலாம். இங்கே எண் கதவை அடைக்கவில்லை, யாருக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்று சொல்கிறது.

2017இல் இன்னொரு பிரிட்டிஷ் சோதனை வந்தது. முற்றிய நிலையிலிருந்து மீண்ட பிறகும் கார்பன் டை ஆக்சைடு குறையாத 116 பேரில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே இரவில் முகமூடி வெண்டிலேட்டர் கொடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் மட்டும் எடுத்தவர்கள் மறுபடி மருத்துவமனைக்கு வரவோ இறக்கவோ ஆன காலம் நடுமட்டமாக 1.4 மாதம். முகமூடியும் சேர்ந்தவர்களுக்கு 4.3 மாதம். 1996இன் கணக்கு மறுபடி கொஞ்சம் பழசானது.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, யாருக்கு ஐ.சி.யூ. என்ற கேள்வி எல்லா நாடுகளிலும் எழுந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு முதியவர்களுக்காக உருவான உடல்தளர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்தச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது. மாற்றுத்திறனாளிகள் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு வர, சில நாட்களிலேயே, இளையவர்களுக்கும் நிலையான உடல்குறை, ஆட்டிசம் போன்றவை உள்ளவர்களுக்கும் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று திருத்தியது. ஒரு கூட்டத்துக்காகச் செய்த எண்ணை இன்னொரு கூட்டத்தின் மேல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது சமீபத்திய பாடம்.

நோயாளிக்கும் இதில் ஒரு குரல் உண்டு. எல்லோருமே குழாயை விரும்புவதில்லை. "போதும், வேண்டாம்" என்று சொல்ல ஒருவருக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் மூச்சுத்திணறி மயங்கிக் கிடக்கும்போது அவரைக் கேட்க முடியாது. உடம்பு ஓரளவு நன்றாக இருக்கும்போதே, இப்படி ஆனால் என்ன செய்யலாம் என்று மருத்துவரும் குடும்பமும் அவரோடு உட்கார்ந்து பேசிவிட வேண்டும். அந்தப் பேச்சுக்கு 'இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பாதிப்பேர்' என்ற கணக்கும் தேவை, '96 சதவீதம் பேர் மறுபடி சம்மதித்தார்கள்' என்ற கணக்கும் தேவை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இன்னொன்றை மறைத்தால், சம்மதம் கேட்டதாக ஆகாது.

ஹட்சின்சனின் வாளியிலிருந்து கம்ப்யூட்டர் ஸ்கோர் வரை எண்கள் கூர்மையாகிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. ஆனாலும் அவை சொல்வது கூட்டத்தைப் பற்றி, அதுவும் அந்தக் காலத்துச் சிகிச்சை பெற்ற கூட்டத்தைப் பற்றி. நாளைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு, "வெண்டிலேட்டர் போட்டும் பிரயோஜனம் இல்லை" என்று யாராவது சொன்னால், கோபப்பட வேண்டாம். "எந்தக் கணக்கை வைத்துச் சொல்கிறீர்கள் டாக்டர்? முகமூடி வைத்துப் பார்த்தாயிற்றா? மற்ற உறுப்புகள் எப்படி இருக்கின்றன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்வார்.